கிளிவெட்டியும் கடல் கடந்த தொழிலுறவும்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதனை அடுத்துள்ள கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூர்ப் பிரதேசத்தில், நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் கிளிவெட்டி. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பெருவழி இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தின் நீர் இப்பகுதி வயல்களை வளஞ்செய்கிறது. நெல்லும், மாட்டுப் பட்டிகளும், சட்டிகளில் உறையும் எருமைத் தயிரும் இந்நிலப்பகுதியின் செல்வங்கள்.

கடலின் அருகே வாழ்வது ஒன்று. கடல் கடந்த உலகோடு தொழிலுறவு கொள்வது மற்றொன்று. பன்னாட்டுக் கப்பல்கள் வந்து போகும் துறைமுகம் அண்மையில் இருந்தும், அக்கப்பல்கள் சுமந்து செல்லும் வாணிகத்தில் இத்தகைய ஊர்களுக்கு உள்ள பங்கு மிகச் சிறியது. படித்த இளைஞர் அரசாங்க உத்தியோகத்திற்குக் காத்திருப்பர். அன்றேல் கொழும்புக்குச் செல்வர். அன்றேல் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பயணமாவர். எல்லை கடந்து செல்வது அவர்களுடைய உழைப்பு மட்டுமே. அவர்களுடைய அறிவும், அவர்களே தொடங்கும் தொழிலும் எல்லை கடக்க வழியுண்டா? இவ்வினாவே ஈண்டு ஆராயத்தக்கது.

‘ஸ்டார்ட்அப்’ என்று உலகம் அழைப்பதைத் தமிழில் புத்தொழில் என்பர். சிறிய கடை திறப்பதும் புதிய தொழில்தானே என்று சிலர் கேட்கலாம். கடை, தன் தெருவின் தேவையை நிறைவு செய்து அமையும். புத்தொழில் என்பது, இதுவரை சரியான விடை காணப்படாத ஒரு சிக்கலுக்கு விடை தேடி, அவ்விடையை ஆயிரக்கணக்கானோர்க்கு வழங்க முயல்வது. ஆதலின் அது தோல்வியுறும் வாய்ப்பும் மிகுதி. அம்முயற்சியைத் தாங்கி நிற்கும் ஆசிரியர், முதலீட்டாளர், பல்கலைக்கழகம், சட்டம், முதல் வாடிக்கையாளர் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே புத்தொழிற் சூழல் எனப்படுகிறது.

கிளிவெட்டி விவசாயிக்கு இக்கருத்து புதியதன்று. பெரும்போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூடி ஆரம்பக் கூட்டம் நடத்துகின்றனர். எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளுக்குள் விதைப்பது, வேலி எப்போது அடைப்பது, கால்நடைகளை எப்போது வயல்வெளியிலிருந்து அகற்றுவது என்பன அங்கே முடிவாகின்றன. வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானையார், ஒருவனுடைய பேராசையால் மற்றொருவன் வயல் காயாதபடி பார்க்கிறார். நல்ல விதை ஒருவனிடம் இருக்கலாம். ஆயினும் அந்தப் பொது ஏற்பாடு இன்றி அவ்விதை விளையாது. தொழில் விளைவதும் இவ்வாறே. எல்லை கடந்த ஒத்துழைப்பு என்பது, வெவ்வேறு நாட்டார் ஒரே வாய்க்காலில் நீர் பெறும் ஏற்பாடு எனலாம்.

இத்தகைய ஏற்பாட்டைத் தமிழர் முன்னரே அறிந்திருந்தனர். சுமாத்திரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்னும் இடத்தருகே, லோபு துவா என்ற ஊரில், 1873-ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அத்துறையிலே கூடி எடுத்த முடிவை அக்கல் கூறுகிறது. அங்கு வரும் கப்பலின் தலைவரும் உடன் வருவோரும் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு குறித்த அளவு பொன் செலுத்திய பின்னரே துறையினுள் கால் வைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

இச்செய்தியில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்வணிகர் பல ஊரினர். தம் அரசனின் ஆட்சி எல்லைக்கு வெகு தொலைவில் அவர்கள் தொழில் புரிந்தனர். அங்கே அவர்களை இணைத்தது அவர்களே வகுத்துக்கொண்ட பொது விதி. ஒருவன் வாக்கை மற்றவன் நம்புவதற்குக் குழுவின் பெயர் பிணையாக நின்றது. பொன்னும் கப்பலும் இருந்தும் இப்பிணை இல்லாதிருந்தால் அந்த வாணிகம் நிலைத்திராது.

ஒன்பது நூற்றாண்டுகளைக் கடந்து, திருகோணமலைக் கரையும் மறவாத ஒரு நாளுக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மூதூரும் கிண்ணியாவும் திருகோணமலையின் பிற கரையோர ஊர்களும் அதற்குத் தப்பவில்லை. உறவினரைத் தேடுவோர் ஒருபுறம். உணவும் மருந்தும் வேண்டுவோர் மறுபுறம். உதவ வந்த நிறுவனங்களோ நூற்றுக்கணக்கில். எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே எது மிகை, எங்கே எது குறை என்று ஒழுங்காகச் சொல்லக்கூடிய ஏடு எவரிடமும் இல்லை.

அந்நாள்களில் இலங்கையின் இளம் மென்பொருள் வல்லுநர்கள் தாமாகவே முன்வந்தனர். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சூழ்ந்து நின்று, சில நாள்களுக்குள் ஒரு கணினி ஏற்பாட்டை உருவாக்கினர். அதற்குச் ‘சஹானா’ என்று பெயரிட்டனர். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, வேண்டும் பொருள்களின் பதிவு என்பன அதன் உறுப்புகள். அதனை எவரும் பார்க்கவும் திருத்தவும் பயன்படுத்தவும் உரிமை தரும் திறந்த மூல மென்பொருளாகவே வெளியிட்டனர்.

அடுத்து நிகழ்ந்தது வியப்பிற்குரியது. 2005-இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும், 2006-இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவிலும், 2010-இல் ஹெய்ட்டியின் நிலநடுக்கத்திலும் சஹானா பயன்பட்டது. அதனை மேலும் செம்மைப்படுத்தச் சுவீடன் நாட்டின் நிதி உதவிற்று. பல நாட்டு வல்லுநர் தத்தம் பங்கைச் சேர்த்தனர். சமூகப் பயன் தரும் திட்டத்திற்கென ஃபிரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் வழங்கும் 2006-ஆம் ஆண்டின் விருதும் அதற்குக் கிடைத்தது. துன்பத்தில் உதவி பெற்ற நாடே உலகிற்கு உதவி வழங்கிய நாடாகவும் ஆயிற்று. இருவழிப்பட்ட இவ்வுறவே மெய்யான ஒத்துழைப்பு.

சஹானா ஒரு தொண்டு முயற்சி. அதனை ஈன்ற சூழலிலிருந்தே வாணிக முயற்சியும் தோன்றிற்று. அமெரிக்காவில் ஆய்வுப் பணி புரிந்து நாடு திரும்பிய சஞ்சீவ வீரவரண, லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அவரும் நண்பர்களும் 2005-இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆக்கப்பணி பெரும்பாலும் கொழும்பில். வாடிக்கையாளரோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். 2024-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.டி. அதனை விலைக்குப் பெற உடன்பட்டது. அந்நிறுவனத்தின் வேர், எல்லை கடந்து வேலை செய்யப் பழகிய திறந்த மூலக் குழுக்களில் இருந்தது. முதலில் கூடி உழைத்தனர், அறிமுகம் நம்பிக்கையாயிற்று, நம்பிக்கையின் பின்னரே பணம் வந்தது.

தமிழ் மொழிக்கும் இவ்வாறொரு வரலாறு உண்டு. கணினியில் தமிழ் எழுத்துகளை ஏற்றிய முன்னோடிகள் ஒரு நாட்டினர் அல்லர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதலே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கி வளர்த்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உழைத்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை அமைத்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் எழுத்துகளுக்கு எண் இட்டமையால், ஒருவர் அனுப்பிய மடல் மற்றொருவர் திரையில் குறிகளின் குவியலாகத் தோன்றிய காலமும் இருந்தது.

அக்குறையைப் போக்க 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை பிறந்தது. 2000-ஆம் ஆண்டில், சிங்கப்பூரில், உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய ‘உத்தமம்’ தோன்றிற்று. பின்னர் 2005-இல் அதே சிங்கப்பூரில் வெளியிடப்பட்ட ‘செல்லினம்’, கைபேசியில் தமிழ்ச் செய்தி அனுப்பும் வழியைப் பலருக்கும் திறந்தது. கிளிவெட்டியில் ஒரு தாய், வெளிநாட்டில் உள்ள மகனுக்குத் தமிழில் ஒரு வரி அனுப்புகிறாள் எனின், அவ்வரியின் பின்னே மலேசியாவும் சிங்கப்பூரும் சுவிட்சர்லாந்தும் தமிழ்நாடும் இலங்கையும் நிற்கின்றன. லோபு துவாக் கல்லில் காணப்படும் பொது விதியே இங்கும் பணி செய்தது.

அரசாங்கம் இதில் செய்யக்கூடியது யாது? இருவேறு நாடுகளின் அனுபவம் இருவேறு பாடங்களைத் தருகிறது. இஸ்ரேல் 1993-இல் ‘யோஸ்மா’ என்ற திட்டத்தின்கீழ் 100 மில்லியன் டொலரை ஒதுக்கிற்று. பத்து முதலீட்டு நிதிகள் அதன்வழி அமைந்தன. ஒவ்வொன்றிலும் அரசின் பங்கு ஏறத்தாழ 40 சதவீதம். வெளிநாட்டில் அனுபவம் பெற்ற முதலீட்டு நிறுவனம் ஒன்று உள்நாட்டாருடன் கூட்டுச் சேர்தல் வேண்டும் என்பது விதி. தொழில் நன்கு வளர்ந்தால், அரசின் பங்கை முன்கூட்டியே பேசிய விலைக்குக் கூட்டாளிகள் வாங்கிக் கொள்ளலாம். ஆகவே வெளிநாட்டார் பணத்தோடு தம் தொழிலறிவையும் கொணர்ந்தனர். உள்நாட்டார் அருகிருந்து அதைக் கற்றனர்.

தென்னமெரிக்க நாடாகிய சிலி 2010-இல் வேறொரு வழியை மேற்கொண்டது. உலகின் எப்பகுதியிலிருந்தும் புத்தொழில் முனைவோர் சிலிக்கு வந்து ஆறு திங்கள் தங்கித் தொழில் செய்யலாம். 40,000 டொலர் அளிக்கப்படும். அதற்கு ஈடாக அரசு பங்கு கேளாது. பல நாட்டு இளைஞர் வந்தனர். சிலியின் பெயர் உலகெங்கும் பரவிற்று. உள்ளூர் இளைஞருக்கும் புதிய தொடர்புகள் கிடைத்தன. ஆயினும் தவணை முடிந்ததும் வந்தவர்களுள் பலர் திரும்பிச் சென்றனர். விருந்தினரை அழைப்பது எளிது; அவரை ஊரோடு பிணைக்கும் வேலை ஊரில் இருத்தல் வேண்டும் என்பதே சிலி தந்த பாடம்.

இப்பாடங்களுடன் மீண்டும் கிளிவெட்டிக்கு வருதல் தகும். இப்பகுதி மக்கள் திருகோணமலைக்குச் செல்லப் பல நீர்த்துறைகளைக் கடக்க வேண்டியிருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. ‘பாதை’ என்று அவர்கள் அழைக்கும் மிதவை வரும்வரை வண்டிகளும் மனிதரும் துறையடியிலே காத்திருப்பர். சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 அக்டோபரில் திறக்கப்பட்டது. பிரெஞ்சு நிதியுதவியுடன் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. எல்லை கடந்த ஒத்துழைப்பு ஓர் ஊரின் பொழுதை எவ்வாறு மீட்டுத் தரும் என்பதற்கு இப்பாலங்களே சான்று.

பாலம் வருமுன் இவ்வூர் கண்ட துயரமும் பெரிது. 2006-ஆம் ஆண்டில் மாவிலாற்றின் நீர் தடைப்பட்டதை அடுத்து மூண்ட போரில் இப்பகுதி மக்கள் சிதறினர். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டி முகாமிலே காலங்கழித்தன. அவர்களுடைய காணிகள் 2015, 2016 ஆண்டுகளில்தான் விடுவிக்கப்பட்டன. முகாமில் பிறந்து வளர்ந்த குழந்தைகள் இன்று தொழில் தேடும் பருவத்தினர். ஆதலின் புத்தொழில் பற்றிய பேச்சு இவ்வூருக்கு நாகரிகப் பேச்சன்று. இழந்த ஆண்டுகளுக்கு ஈடாக எதனைப் பெறுவது என்ற வாழ்வுப் பிரச்சினை அது.

அண்மை ஆண்டுகளில் இப்பகுதியை நோக்கிப் பெருந்திட்டங்கள் வந்துள்ளன. திருகோணமலையில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 உள. அவற்றுள் 61 தாங்கிகளை இலங்கையும் இந்தியாவும் கூட்டாக மேம்படுத்துவதற்கு 2022 ஜனவரியில் உடன்படிக்கை ஆயிற்று. 2025 ஏப்ரல் 5-ஆம் நாள், சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்திற்கான தொடக்க விழா நிகழ்ந்தது. அன்றே, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது குறித்து இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் ஒப்பமிட்டன.

இவை அரசுகளுக்கிடையே பாயும் பேராறுகள். பேராறு ஊரருகே ஓடினும் வாய்க்கால் வெட்டாத வயலுக்கு நீர் ஏறாது. மின்நிலையத்திற்குக் காவலரும் கூலியாட்களும் வேண்டப்படுவர். அவ்வளவோடு அமைதல் போதுமா? அங்கே தேவைப்படும் பழுதுபார்ப்பு, கணக்கு, கண்காணிப்பு மென்பொருள், பயிற்சி ஆகியவற்றை வழங்கும் சிறு நிறுவனங்கள் மூதூரிலும் கிளிவெட்டியிலும் எழுவதற்கு அத்திட்டங்களிலேயே இடம் ஒதுக்கப்படுதல் வேண்டும். கூட்டாளியிடம் உள்நாட்டார் கற்பதற்கு யோஸ்மா வகுத்த விதியின் உட்பொருள் இதுவே.

சிறு நிறுவனம் எதனைச் செய்யும் என்று ஐயுறுவோர், வயலையே நோக்கலாம். நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சி, வட்ட வட்டமாகப் பயிரை எரித்தாற்போல் ஆக்கும் பூச்சியைத் தமிழ்நாட்டு விவசாயி புகையான் என்பான். கிழக்கிலங்கை விவசாயி அறக்கொட்டியான் என்பான். பூச்சி ஒன்று, பெயர் இரண்டு. காவிரி வடிநிலமும் கொட்டியாரமும் வடகீழ்ப் பருவமழையால் பயன்பெறுகின்றன. கைபேசியில் எடுத்த படத்தைக் கொண்டு நோயை இனங்காணும் மென்பொருளோ, நீர் திறக்கும் நாளை அறிவிக்கும் ஏற்பாடோ இரு கரைக்கும் ஒருசேரப் பயன்படும். ஆனால் அதனை ஆக்குவோர் இரு பெயரையும் அறிதல் வேண்டும். ஒருபுறத்துக் குவிண்டால் கணக்கையும் மறுபுறத்துப் புசல் கணக்கையும் அறிதல் வேண்டும். தஞ்சையில் உள்ளவன் தனித்து இதனைச் செய்ய இயலாது. கிளிவெட்டியில் உள்ளவனும் தனித்துச் செய்ய இயலாது. இருவரும் சமமாகக் கூடவேண்டிய தேவை இங்கே இயல்பாகவே அமைந்திருக்கிறது.

அதற்கு வேண்டிய கூறுகள் சில கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியலும் வணிகமும் கற்பிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் போருக்குப் பின்னர் தன்னார்வலர்கள் அமைத்த ‘யாழ் ஐ.டி. ஹப்’, போட்டிகளின் வாயிலாக இளைஞரின் கருத்துகளைத் தொழிலாக்கப் பழக்குகிறது. புலம்பெயர்ந்தோரும் கொழும்பு வல்லுநரும் அதில் வழிகாட்டுகின்றனர். தமிழ்நாட்டுப் புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம், உலகத் தமிழ் முதலீட்டாளரை முனைவோருடன் இணைக்கும் மேடையை அமைத்துள்ளது. தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தார் உலகச் சந்தைக்கான மென்பொருளை ஆக்கி வருவது, ஊரின் சிறுமை ஒரு தடையன்று என்பதைக் காட்டுகிறது.

தடைகளும் இல்லாமல் இல்லை. 2024 பிப்ரவரி 12-ஆம் நாள் முதல் இந்தியப் பயணி இலங்கைக் கடையில் யூ.பி.ஐ. முறையால் பணம் செலுத்த வழி பிறந்தது. அது பயணிக்கு உதவும் ஏற்பாடு. இக்கரைச் சிறு நிறுவனம் அக்கரை விவசாயிடமிருந்து மாதந்தோறும் சிறு கட்டணம் பெறுவதற்கும் அத்தகைய எளிமை வேண்டும். ஒரு நாட்டில் பதிவு செய்த நிறுவனத்தில் மறு நாட்டார் பங்கு கொள்வதற்கும், ஆக்கத்தின் உரிமை எவருக்கு என்பதற்கும் தெளிவான விதி வேண்டும். பெருமுதலாளிக்கு வழக்கறிஞர் உளர்; இளைஞனுக்கு எளிய தமிழில் எழுதப்பட்ட மாதிரி ஒப்பந்தம் ஒன்றே துணை.

புலம்பெயர்ந்தோரின் உதவியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஊர்ப் பாசத்தால் அனுப்பப்படும் பணம் கோயிலையும் பள்ளியையும் புதுப்பிக்கும். தொழிலுக்கு அது மட்டும் ஆகாது. தொழிலுக்கு வேண்டுவது கணக்குக் கேட்கும் நண்பர். தவற்றைச் சுட்டும் ஆசிரியர். முதல் வாடிக்கையாளரிடம் அழைத்துச் சென்று, ‘இவர்களை அறிவேன்’ என்று பிணை நிற்கும் ஒருவர். இவ்வொரு வாக்கின் மதிப்பைப் பணத்தால் அளவிட முடியாது.

ஆரம்பக் கூட்டத்திற்குச் செல்லும் கிளிவெட்டி விவசாயி தன் வயலை மட்டும் எண்ணிச் செல்வதில்லை. மேல்வாய்க்காற்காரனும் கடைவாய்க்காற்காரனும் ஒரே நாளை ஒப்புக்கொண்டாலன்றித் தன் விதையும் முளைக்காது என்பதை அவன் அறிவான். அந்த அறிவையே நாடுகளும் நிறுவனங்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தஞ்சையும் யாழ்ப்பாணமும் சிங்கப்பூரும் கூடும் அத்தகைய கூட்டத்தில், கடைவாய்க்கால் ஊராகிய கிளிவெட்டிக்கும் ஓர் இருக்கை இடப்படுமாயின், அவ்வூர் இளைஞன் கடல் கடக்கும் நாளில் கூலியாளாக அன்றிக் கூட்டாளியாகவே கடப்பான்.